கட்டளை ஒரு பக்கம், வழக்கம் ஒரு பக்கம்: ஆட்டிசம் உள்ள கிறிஸ்தவருக்குச் சில வழிகள்

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று தெரிந்தது 2019-ல், என் 34-ஆம் வயதில். அதுவரைக்கும் எனக்கு விசுவாசம் குறைவு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஆராதனையில் எல்லாரும் உருகி நிற்கும் நேரத்தில் என் பல் வேர்வரைக்கும் ஸ்பீக்கர் பெட்டியின் இரைச்சல் இறங்கும். பக்கத்தில் நிற்கும் அக்காவின் மல்லிகைப்பூ வாசனை தலையைச் சுற்றவைக்கும். எப்போது முடியும் என்று எண்ணிக்கொண்டே நிற்பேன். வீட்டுக்கு வந்து, கர்த்தரை நேசிக்கிறவள் இப்படி எண்ணுவாளா என்று அழுவேன். இருபது வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது.

நான் தேரிக்காட்டுப் பக்கத்து ஊரில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள். தாத்தா சபை ஊழியர். இப்போது பாளையங்கோட்டையில் கணக்கு எழுதும் வேலை. ஆட்டிசம் உள்ளவர்கள், இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்கள், இயேசுவையும் விடக் கூடாது, சபையையும் விடக் கூடாது என்று நினைத்துத் தவிக்கிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் வீட்டாரும் படிக்கலாம்.

பத்திரிகைகளில் இதை ‘மன இறுக்கம்’ என்று போடுகிறார்கள். அந்தப் பெயர் எனக்குப் பொருந்தவில்லை, அதனால் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன். சத்தம், வெளிச்சம், தொடுகை, பேச்சு இவற்றை மூளை வாங்கிக்கொள்ளும் விதம் பிறவியிலேயே வேறாக இருக்கிறது, அவ்வளவுதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் இதுவும் ஒன்று. யாருடைய பாவம் என்று கேட்கிறவர்களுக்கு யோவான் 9:3-ல் பிறவிக் குருடன் ஒருவனைக் குறித்து இயேசுவே பதில் சொல்லிவிட்டார்: “இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல.” அந்த வசனத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

80 பக்க நோட்டு போதும். இடது பக்கம் ‘கட்டளை’ என்று எழுதுங்கள். வலது பக்கம் ‘வழக்கம்’. உங்களை வருத்துகிற ஒவ்வொரு காரியத்தையும் எடுத்து, இது வேதத்தில் தேவன் கேட்டதா, நம் சபையில் பழகிப்போனதா என்று தேடிப் பார்த்து, உரிய பக்கத்தில் எழுதுங்கள். நான் 2020-ல் ஊரடங்கின்போது இதைத் தொடங்கினேன். எனக்கு விடுதலை கொடுத்தது இந்த நோட்டுதான், அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

கண்ணை மூடி ஜெபிப்பது: சின்ன வயதில் கண்ணைத் திறந்தால் ஞாயிறு பள்ளியில் தலையில் குட்டு விழும். கண்ணை மூடினால் எனக்குச் சத்தங்கள் இரண்டு மடங்கு ஆகிவிடும், உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வேதத்தில் தேடினேன். யோவான் 17-ல் இயேசு “தம்முடைய கண்களை வானத்துக்கு ஏறெடுத்து” ஜெபிக்கிறார். கண்ணை மூடச் சொல்லும் கட்டளை எங்கேயும் இல்லை. சரி, அது வலது பக்கம் போனது. பாட்டு நேரத்தில் கண்ணீர் விடுவது, ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லாருடனும் பேசுவது, எல்லாம் வலது பக்கம்.

ஆனால் சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்று எபிரெயர் 10:25 சொல்கிறது. அது இடது பக்கம். எனக்குக் கஷ்டமாக இருந்தாலும் அதை வலது பக்கம் தள்ள முடியாது. எத்தனை பேர் கூடவேண்டும் என்று பார்த்தால், “இரண்டுபேராவது மூன்றுபேராவது” என்கிறது மத்தேயு 18:20. ஆயிரம் பேர் கூடும் கன்வென்ஷன் பந்தல் வலது பக்கம் வந்துவிட்டது. வேதபாட வகுப்பில் ஆறு பேராகக் கூடுவது இடது பக்கத்தில் இருந்தது.

அழுகிறவர்களுடனே அழுங்கள் என்பதும் கட்டளை. எங்கள் பக்கம் துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போகாமல் இருந்தால் பெரிய பேச்சாகிவிடும். ஒப்பாரிச் சத்தமும், கட்டிப்பிடிக்கிற கைகளும், பத்தி வாசனையும் சேர்ந்தால் என்னால் நிற்கவே முடியாது. முகத்தில் துக்கமும் தெரியாது. உள்ளே இருக்கும், வெளியே வராது. அதனால் நாலாம் நாள் போகிறேன். கூட்டம் குறைந்திருக்கும். காபித்தூளும் சீனியும் வாங்கிக்கொண்டு போய், அடுக்களையில் கிடக்கும் பாத்திரத்தைத் தேய்த்துக் கொடுப்பேன். போன வருஷம் அப்படிப் போன ஒரு வீட்டில் அந்த அத்தை, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் மாமாவைப் பற்றிப் பேசினாள். முதல் நாள் வந்தவர்கள் யாரிடமும் அப்படிப் பேச முடியவில்லை என்றாள். கட்டளையை நிறைவேற்ற உங்கள் உடம்புக்கு முடிந்த வழி ஒன்று இருக்கும். தேடிக் கண்டுபிடியுங்கள்.

வசனத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும் மனசு

ஒன்பது வயதில் ஞாயிறு பள்ளியில் மத்தேயு 5:29 மனப்பாட வசனம். “உன் வலதுகண் உனக்கு இடறலுண்டாக்கினால், அதைப் பிடுங்கி எறிந்துபோடு.” அந்த வாரம் நான் என் தம்பியின் மிட்டாயை ஆசையாய்ப் பார்த்திருந்தேன். வலது கண்ணால் பார்த்தேனா இடது கண்ணால் பார்த்தேனா என்று தெரியவில்லை. ஒரு வாரம் வலது கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். கண்வலி என்று அம்மா நினைத்து முருங்கைப்பூச் சாறு விட்டாள். நான் ஏன் பொத்தினேன் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நம்மில் பலருக்கு வார்த்தை என்றால் வார்த்தைதான். அது குறை என்று நான் நினைக்கவில்லை. “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” என்று அதே அதிகாரத்தில் கேட்கிற ஆண்டவருக்கு அப்படிப்பட்டவர்கள் வேண்டும். ஆனால் வேதத்தில் உவமை இருக்கிறது, பாட்டு இருக்கிறது, வேண்டுமென்றே பெரிதாக்கிச் சொல்லும் பேச்சும் இருக்கிறது. ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது அந்த வகை. அதனால் ஒரு வசனம் பயத்தைக் கொடுத்தால், அன்றைக்கே அதன்மேல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். யாருக்குச் சொன்னது, கதையா, கடிதமா, கவிதையா என்று எழுதுங்கள். அதே காரியத்தை இயேசு வேறு இடத்தில் எப்படி நடத்தினார் என்று பாருங்கள். இடறிய பேதுருவின் கண்ணை அவர் பிடுங்கவில்லை. மீன் சுட்டுச் சாப்பாடு போட்டார். அப்புறமும் பயம் போகவில்லை என்றால், நம்பிக்கையான ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வாயால் கேட்டால் பதில் வேறு திசைக்குப் போய்விடும்.

“இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்” என்ற வசனம் என் பதினாறு வயதைத் தின்றது. பரீட்சை எழுதும்போதுகூட உள்ளே முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன், நிறுத்தினால் பாவம் என்று. மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. பாவ அறிக்கை செய்தும் மனசு ஆறாமல், திரும்பத் திரும்ப அதையே செய்யவேண்டியிருந்தால், அது பக்தி என்று நினைத்து வளர்க்காதீர்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மனநல மருத்துவரிடம் போங்கள். நான் போனேன். மருந்து சாப்பிட்டுக்கொண்டே ஜெபிக்கலாம்.

ஜெபம்

என் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் 26 புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். சங்கீதம் 136-ல் 26 வசனம். ஒவ்வொன்றும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று முடியும். ஒரு வசனத்தைச் சொல்லி, ஒரு கொட்டையை டப்பாவிலிருந்து எடுத்து மடியில் போடுவேன். கையில் அந்த வழுவழுப்பு இருந்தால் மனசு ஓடாது. எட்டு வருஷமாகத் தேய்ந்து சில கொட்டைகள் கண்ணாடிபோல் ஆகிவிட்டன. சிலருக்கு இது ஜெபமாலைபோல் தெரியலாம். எனக்கு அது என் விரலுக்குக் கொடுத்த வேலை.

சொந்த வார்த்தையில் ஜெபிக்கச் சொன்னால் எனக்கு வாய் அடைத்துவிடும், அதுவும் பிறர் முன்னால். அப்படிப்பட்டவர்களுக்கு எழுதிவைத்த ஜெபம் பெரிய வரம். ஜெப புத்தகத்தில் இருக்கும் பாவ அறிக்கையும், விசுவாசப் பிரமாணமும், பரமண்டல ஜெபமும் என் சொற்களைவிட நன்றாக என்னைச் சொல்கின்றன. வாசித்து ஜெபிப்பது உயிரில்லாத ஜெபம் என்று சிலர் சொல்வார்கள். சங்கீதங்களே எழுதிவைத்த ஜெபங்கள்தான். குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தால் ஒரு சங்கீதம் வாசிப்பேன். வீட்டில் இப்போது அதை ஜெபமாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

தினம் எவ்வளவு வாசிப்பது என்று தெரியாதவர்கள் சங்கீதம் 119-ல் தொடங்குங்கள். 176 வசனம், 22 பகுதி, பகுதிக்கு எட்டு. நம் வேதாகமத்தில் ஆலெப், பேத், கிமெல் என்று எபிரெய எழுத்துகள் தலைப்பாகவே இருக்கும். ஒரு நாளுக்கு ஓர் எழுத்து. 22 நாளில் முடியும். ஒழுங்கை விரும்புகிற மனசுக்காக எழுதின சங்கீதம்போல் இருக்கும்.

உடம்பு ஆடினால் ஆடட்டும். நான் ஜெபிக்கும்போது முன்னும் பின்னும் ஆடுவேன். யூதர்களுக்குள் அப்படி ஆடி ஜெபிக்கும் வழக்கம் பழையது. கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்ன மத்தேயு 6:6-ஐ நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஃபேனை நிறுத்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு.

தேவ அன்பை உணர்ந்தீர்களா என்று பிரசங்கத்தில் கேட்கும்போது பதறாதீர்கள். எனக்கு என்ன உணர்ச்சி என்று எனக்கே இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். பசிகூடத் தலைவலி வந்த பிறகுதான் தெரியும். ஆட்டிசம் உள்ள பலருக்கு இப்படி இருக்கிறது. மத்தேயு 21-ல் இரண்டு குமாரர் கதை இருக்கிறதே, அதில் தகப்பன் யாரிடமும் உணர்ச்சியைக் கேட்கவில்லை. திராட்சத்தோட்டத்துக்குப் போனானா என்பதுதான் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஆலயத்தில் பாட்டு எண்களைப் போடும் பலகை ஒன்று உண்டு. தேக்குப் பலகை, நாலு வரிசைப் பள்ளம், அதில் சொருகுகிற எண் அட்டைகள். அட்டைகள் ஒரு பழைய தகரப்பெட்டியில் கலைந்து கிடக்கும். 6-ம் 9-ம் ஒரே மாதிரி அட்டைதான், தலைகீழாய்த் திருப்பினால் ஒன்று இன்னொன்றாகிவிடும். அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் யாரோ மையால் கோடு போட்டிருக்கிறார்கள், அந்தக் கோடு கீழே வரவேண்டும். 2020 கடைசியில் ஆலயம் மறுபடி திறந்தபோது அந்த வேலையை நான் கேட்டு வாங்கினேன்.

ஆலயத்தில் முதல் மணி அடிக்கும் முன்னாலேயே போய்விடுவேன். கதவு திறக்கும் அண்ணன் மட்டும் இருப்பார். வெறும் ஆலயத்தில் வௌவால் வாசனையும் பழைய மரத்தின் குளிர்ச்சியும். எண்களைச் சொருகி முடிப்பதற்குள் ஆட்கள் ஒருவர் ஒருவராக வருவார்கள், அதனால் கூட்டம் மெதுவாக நிறைவது என் கண் முன்னால் நடக்கும். நிறைந்த கூட்டத்துக்குள் நுழைவதைவிட இது எவ்வளவோ லேசு. “இன்றைக்கு முதல் பாட்டு என்ன?” என்று ஆட்கள் என்னிடம் கேட்பார்கள். எனக்குப் பதில் தெரிந்த கேள்வி. பதினைந்து வருஷம் அந்த வாசலில் யாரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றவள் நான். ஒரு வேலை கேளுங்கள். சிறிய வேலை, திரும்பத் திரும்ப வருகிற வேலை, கூட்டத்துக்கு முன்போ பின்போ செய்கிற வேலை. பாமாலை புத்தகங்களை அடுக்குவது, காணிக்கை எண்ணுவது, பாத்திரம் துடைப்பது. சபையில் சேர்ந்திருப்பதற்கு உரையாடல் மட்டும் வழி என்று யாரும் சொல்லவில்லை.

உட்காரும் இடம் முக்கியம். சனிக்கிழமை காலியாக இருக்கும்போது போய் ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து பாருங்கள். ஸ்பீக்கர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்த ஃபேன் கிறீச்சிடுகிறது, டியூப்லைட் எங்கே சிமிட்டுகிறது என்று பாருங்கள். கடைசிக்கு முந்தின பெஞ்சு, பக்கவாட்டு வாசல் அருகில், தூணுக்குப் பின்னால் என்பது என் இடம். தூண் டிரம்ஸ் சத்தத்தைக் கொஞ்சம் தடுக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் இன்னும் நல்லது. பிரசங்கம் அதன் வழியாகவும் கேட்கும். தலையில் முக்காடு போட்டுக்கொள்வதால் வெளியே தெரியாது. தெரிந்தாலும் பரவாயில்லை.

சமாதானம் பரிமாறும் நேரம் நம் சி.எஸ்.ஐ. ஆராதனையில் உண்டு. குருவானவரிடமிருந்து கைமாறிக் கைமாறி, உள்ளங்கைகளுக்குள் உள்ளங்கை வைத்து வரும். அழகான வழக்கம். ஆனால் திடீர்த் தொடுகை எனக்கு ஷாக் அடித்ததுபோல் இருக்கும். இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்தேன். கை கூப்பி, தலை குனிந்து “சமாதானம்” என்று நானே முந்திச் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவரும் கூப்பிவிடுவார். அல்லது எப்போதும் ஒரே ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஒருவரின் கையை மட்டும் வாங்குவது. இப்போது என் பக்கத்தில் உட்காரும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா கையை நீட்டிக் காத்திருப்பார்கள், நானாக வைக்கும்வரை.

நற்கருணையில், அதாவது அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நேரத்தில், ஒரே கிண்ணத்தில் எல்லாரும் குடிப்பது சிரமமாக இருந்தால் அப்பத்தைக் கிண்ணத்தில் தோய்த்து வாங்க முடியுமா என்று குருவானவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். முழங்கால்படியிட வரிசையாகப் போகும்போது நெருக்கம் தாங்கவில்லை என்றால் கடைசி வரிசையில் போங்கள்.

ஆராதனை முடிந்து மத்தியானம் யார் வீட்டுக்கும் போகாதீர்கள். இருட்டறையில் படுங்கள். ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிப்பது கட்டளைப் பக்கத்தில் இருக்கிறது.

பண்டிகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பர் 31 ராத்திரி நடக்கும் வாட்ச்நைட் ஆராதனை நடு ராத்திரியில் வெடிச் சத்தத்தோடு முடியும். நான் ஜனவரி 1 காலை ஆராதனைக்குப் போகிறேன், புது வருஷத்துக்கான வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டையை அன்றைக்கும் தருவார்கள். கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாக வரும் கேரல் ரவுண்ட்ஸ் எந்த நாள், எத்தனை மணிக்கு எங்கள் தெருவுக்கு வரும் என்று வாலிபர் சங்கத்துத் தம்பியிடம் கேட்டு வைத்துக்கொள்வேன். தெரிந்து வருகிற சத்தத்துக்கும் தூக்கத்தில் வந்து விழும் சத்தத்துக்கும் நிறைய வித்தியாசம். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, பந்தியில் உட்கார முடியாவிட்டால் தூக்குவாளி கொண்டுபோங்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்கிப் போகிறார்கள், யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

குருவானவருக்கு ஒரு கடிதம்

நேரில் பேசப் போனால் பாதி சொல்லுவேன், பாதியில் அழுவேன். அதனால் எழுதினேன். கேட்பது மூன்றுக்குமேல் இருக்கவேண்டாம், ஒவ்வொன்றும் அவர் செய்யக்கூடியதாக இருக்கட்டும். நான் எழுதினது இது:

“மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். எனக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். இது வியாதி அல்ல. என் பிறவி அமைப்பு. நான் ஆலயத்துக்குத் தொடர்ந்து வர ஆசைப்படுகிறேன். அதற்கு மூன்று உதவி வேண்டும். ஆராதனை ஒழுங்கில் மாற்றம் இருந்தால் சனிக்கிழமையே எனக்குச் செய்தி அனுப்பவேண்டும். சபையார் முன்னால் என்னை ஜெபிக்கவோ சாட்சி சொல்லவோ திடீரென்று அழைக்கவேண்டாம். முன்பே சொன்னால் எழுதிக்கொண்டு வந்து வாசிப்பேன். நான் நடுவில் வெளியே போனால் யாரும் பின்னால் வரவேண்டாம்; பத்து நிமிஷத்தில் திரும்புவேன்.”

ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) வீட்டுக்கே வந்தார். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “நாலாவதாக ஒன்று கேட்க நினைத்து விட்டுவிட்டாயா, அம்மா?” என்றார். பாட்டு எண் பலகை அப்படித்தான் கிடைத்தது.

எல்லாருக்கும் இப்படி வாய்க்காது என்று தெரியும். முன்பு நான் போய்க்கொண்டிருந்த ஒரு சபையில், அடங்காத ஆவி என்றார்கள். அப்படி நடந்தால் அதே சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளுக்குள், வேறு சபை, அல்லது அதே ஆலயத்தில் கூட்டம் குறைந்த அதிகாலை ஆராதனை, அல்லது வாரத்தின் நடுவே நடக்கும் ஜெபம் என்று தேடுங்கள். 2012-ல் டேமியன் மில்டன் என்ற, தாமே ஆட்டிசம் உள்ள இங்கிலாந்து ஆய்வாளர் ஒன்றை எடுத்துச் சொன்னார்: நமக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்பது பாதிதான், அவர்களுக்கும் நம்மைப் புரிவதில்லை. இதைப் படித்த பிறகு சபையார்மேல் எனக்கு இருந்த கோபம் குறைந்தது, என்மேல் இருந்த கோபமும்.

கை வைத்து ஜெபிக்க வருகிறவர்கள், காணிக்கை கேட்கிறவர்கள்

இருபத்திரண்டு வயதில் ஒரு கூட்டத்தில் என்னை மேடைக்கு அழைத்து, நாலு பேர் தலையிலும் தோளிலும் கை வைத்து அழுத்தி, மைக்கில் கத்தி, “விட்டுப் போ” என்றார்கள். தொடுகை தாங்காமல் நான் உதறினதைப் பிசாசு உதறுவதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குப் பேச்சு வரவில்லை.

ஜெபம் வேண்டாம் என்று யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை. “தொடாமல் ஜெபியுங்கள்” என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், அந்த நேரத்தில் புதிதாக வார்த்தை கிடைக்காது. மாற்கு 7-ல் காது கேளாத மனிதனை இயேசு “ஜனக்கூட்டத்தைவிட்டுத் தனியே” அழைத்துக்கொண்டுபோய்ச் சுகமாக்கினார் என்பதை நினைவில் வையுங்கள். பார்வையற்ற பர்திமேயுவிடம் முதலில், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையை எந்த மேடைக்கும் அதன் சம்மதம் இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். ஆட்டிசத்தைப் போக்கும் எண்ணெயும் இல்லை, உபவாசமும் இல்லை.

பிறர் சொன்னதை அப்படியே நம்புகிறவர்கள் நாம். இதை விதைத்தால் நூறத்தனையாய் வரும் என்று மேடையில் ஒருவர் சொன்னால், கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவோம். என் முதல் மாதச் சம்பளம் முழுவதும் அப்படிப் போனது. இப்போது மூன்று நாள் விதி வைத்திருக்கிறேன்: கூட்டத்தில் கேட்ட எந்தக் காணிக்கையையும், எந்தப் பொருத்தனையையும் (நேர்ந்துகொள்வதையும்), மூன்று நாள் கழித்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். தங்களை இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னால் வாருங்கள் என்று ஒவ்வொரு முகாமிலும் அழைக்கும்போது ஒவ்வொரு தடவையும் போய்க்கொண்டிருந்தேன், போகாவிட்டால் முன்பு கொடுத்தது ரத்தாகிவிடும் என்று நினைத்து. ஒரு தடவை போதும். தேதியை வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன், சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு.

எல்லாம் நின்றுபோகும் நாள்

சில வாரங்கள் உடம்பும் மனசும் அணைந்துவிடும். பேச்சு வராது, ஜெபம் வராது, வேதாகமத்தைத் திறந்தால் எழுத்து எழுத்தாகவே நிற்கும். அந்த நாட்களுக்கு 1 இராஜாக்கள் 19-ஐ வைத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன் நின்ற தீர்க்கதரிசி எலியா, உயிருக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு நாள் பிரயாணம் போய், சூரைச்செடியின்கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்கிறான். தூதன் வந்து அவனைக் கண்டிக்கவில்லை, துதிக்கச் சொல்லவில்லை. தழலில் சுட்ட ஓர் அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது. சாப்பிட்டான், மறுபடி படுத்துக்கொண்டான். இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் தூதன்: “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்.” காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்த பிறகுதான் அமர்ந்த மெல்லிய சத்தம் வந்தது.

நான் அந்த வரிசையை அப்படியே செய்கிறேன். தூக்கம், தண்ணீர், சாப்பாடு, மறுபடி தூக்கம். அந்த நாட்களில் என் ஜெபம் டீச்சரம்மாவுக்கு அனுப்பும் ஒரு புள்ளி. வாட்ஸ்அப்பில் ஒரு புள்ளி அனுப்பினால், எனக்காக ஜெபியுங்கள், பதில் அனுப்பவேண்டாம் என்று அர்த்தம். அப்படி ஒருவரை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் நிலைத்து நின்றால் புள்ளியோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள், அல்லது தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண்ணான 104-க்குப் போன் செய்யுங்கள்.

பேசாத பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு

என் சித்தியின் பேரனுக்கு வயது பதினாலு. பேச்சு கிடையாது. சந்தோஷம் வந்தால் பெஞ்சைத் தட்டுவான். அவனுக்குத் திடப்படுத்தல் (நற்கருணையில் சேர்க்குமுன் பேராயர் தலையில் கை வைத்து ஜெபிக்கும் சடங்கு) கொடுக்க முடியுமா, கேள்விக்குப் பதில் சொல்லமாட்டானே என்று சித்தி அழுதுகொண்டிருந்தாள்.

அவர்கள் சேகரத்து ஐயர் நாலு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். முதல் வாரம் வெறுமனே திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போனார், அவன் தம்மைப் பழகட்டும் என்று. இரண்டாம் வாரம் அங்கியைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டுக் காட்டினார். மூன்றாம் வாரம் பரிசுத்தப்படுத்தாத அப்பங்களை ஒரு டப்பாவில் கொண்டுவந்தார். அவன் முகர்ந்து பார்த்தான், நாக்கில் வைத்துத் துப்பினான். ஐயர் பொறுக்கி எடுத்துவிட்டு இன்னொன்றைப் பாதியாக ஒடித்து நீட்டினார். அதைக் கடித்தான். நாலாம் வாரம் ஆலயத்துக்கே கூட்டிப்போய், யாரும் இல்லாதபோது, எங்கே முழங்கால்படியிடுவது என்று காட்டினார்கள். சித்தி படம் படமாக வரைந்து ஓர் அட்டை செய்திருந்தாள்: நட, நில், முழங்கால், அப்பம், பெஞ்சு.

பேராயர் கை வைக்கும் நேரம்தான் எல்லாருக்கும் பயம். முன்பே சொல்லிவைத்திருந்ததால், அவர் தலைக்குமேல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவன் அண்ணாந்து கையைப் பார்த்தான். அப்புறம் அவனே தலையை உயர்த்தி அந்தக் கையில் முட்டினான். பெஞ்சுக்குத் திரும்பி வந்து தட்டத் தொடங்கினான். பாட்டு முடியும்வரை தட்டினான், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

நீங்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால், வருகிற சனிக்கிழமை சாயங்காலம் என்பேன். கதவு பூட்டும் நேரத்துக்கு அரை மணி முன்னால் போங்கள். பூட்டுகிற அண்ணனிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பெஞ்சாக உட்கார்ந்து பாருங்கள். நோட்டையும் எடுத்துப் போங்கள்.